கூரையில் லைட் மாட்டக் குறுக்குக் கம்பி: எந்தக் குழாய், எந்தப் பிடி?

கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கம் இருந்துகொண்டு மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஏலத்தோட்டம் பார்க்கிறவர்கள், தோட்டத்துக்கென்று ஒரு வண்டி வாங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கூரையில் குறுக்கே ரெண்டு கம்பி போட்டு லைட் மாட்ட வேண்டும். கடையில் விற்கிற கம்பியை வாங்குவதா, பட்டறையில் சொல்லிச் செய்வதா? செய்வதென்றால் ஜி.ஐ. பைப்பா, சதுரக் குழாயா, அலுமினியமா? பதில் சொல்கிறவர் என்ன தொழில் செய்கிறாரோ அதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். பட்டறைக்காரர் இரும்பு என்பார், ஜன்னல் செய்கிறவர் அலுமினியம் என்பார், பிளம்பர் ஜி.ஐ. பைப் என்பார். நான் தோட்டத்துக்குச் சுமோ ஓட்டுகிறவன், எந்தக் கடையும் கிடையாது. என்னைக் கேட்டால், குழாயைத் தேர்வு செய்வது கடைசி வேலை. லைட் எதற்கு என்பதும், கம்பி வண்டியை எங்கே பிடிக்கப் போகிறது என்பதும்தான் முதலில் முடிவாக வேண்டும்.

லைட்டில் இருந்தே ஆரம்பிக்கலாம். போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் இறங்கி நிற்கும்போது கூரையில் பெரிய எல்.இ.டி. பார் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். கூரை விளக்கின் ஒளி ஓட்டுகிறவரின் கண்ணுக்குச் சற்று மேலேயிருந்து, அவர் பார்க்கிற அதே திசையில் போகிறது. பனியில் மிதக்கும் நீர்த்துளிகள் அந்த ஒளியை நேராகக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். வாட்ஸ் கூடக் கூடச் சுவரும் கெட்டியாகும். பனிக்கு வேண்டியது பம்பருக்குக் கீழே, தாழ்வாக, சாலையைத் தழுவிப் போகிற வெளிச்சம். அங்கே ரெண்டு ஃபாக் லேம்ப் இருந்தால் போதும், கூரையைத் தொட வேண்டியதே இல்லை. சமவெளியிலாவது உதவுமா என்றால், தேனி முதல் கம்பம் வரை எதிர் வண்டி வராத நேரம் எப்போது? போட்ட கையோடு அணைக்க வேண்டியிருக்கும். இது போதாதென்று, கூரை விளக்கின் ஒளி பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசவும் செய்யும்.

ஆக, ஓட்டுவதற்கென்று கூரையில் லைட் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலைக்கென்று போடுவது வேறு. காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் பச்சைக்காய் மூட்டையை ஏற்றும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் வண்டியை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஆனி ஆடி மழையில் பாதையில் மரம் விழுந்து கிடந்தால் வெட்டி ஒதுக்க வேண்டும், சேற்றில் டயர் மாற்ற வேண்டும். இந்த வேலைகளுக்கு உயரத்தில் இருந்து விழும் வெளிச்சம்தான் சரி; ஆளின் நிழல் வேலையை மறைக்காது. அதற்கு ஒளி பரவலாக விழுகிற சின்ன ஒர்க் லைட், ஒவ்வொன்றும் 20 வாட்ஸ் அளவில், பின்பக்கம் ரெண்டு, பக்கத்துக்கு ஒன்று போதும். நாலும் சேர்ந்து ரெண்டு மூன்று கிலோதான் வரும். எவ்வளவு பெரிய கம்பி வேண்டும் என்ற கேள்வி இதிலேயே பாதி கரைந்துவிடுகிறது.

யானைக்காக லைட் போடுகிறேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்ற பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. யானை முகத்தில் பெரிய வெளிச்சத்தை அடித்தால் அது மிரளும், மிரண்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. தூரத்திலேயே நிறுத்திப் பின்னால் போவதுதான் வழி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், தேடு விளக்கு வைக்கக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனியாகப் பேசுகிறது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சட்டம் ரெண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். ஆனால் 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து ஒன்று கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்த பிறகு, கூடுதல் விளக்கு விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றமே இறங்கிக் கடும் உத்தரவுகள் போட்டது. மெட்டு தாண்டிக் கேரளாவுக்குள் போனதும் லைட்டைப் பார்க்கிற கண் மாறுகிறது. பின்பக்கம் வெள்ளை வெளிச்சம் எரிய ரோட்டில் ஓடுவது எந்த ஊரிலும் தப்பு, அதைச் சொல்லவே வேண்டாம்.

இதனால் என் ஒப்பீட்டில் முதல் அளவுகோல் பலம் அல்ல, கழற்றும் வசதி. தோட்டத்தில் மாட்டி, ரோட்டில் இறங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கழற்றி உள்ளே போட முடிகிற கம்பிதான் எனக்கு நல்ல கம்பி. கழற்ற முடியாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் பிடி. வண்டிக் கூரையில் மூன்று வகை உண்டு. சுமோ, ஆம்னி, அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் கூரை ஓரம் நெடுக மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் விளிம்பு இருக்கும். வீட்டில் கம்பி செய்கிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ரெண்டு தகடு சேர்ந்து மடிந்த விளிம்பு அது, பாரம் நேராக வண்டியின் பக்கச் சட்டத்துக்கு இறங்கும். 5 எம்.எம். பிளாட்டை (தட்டையான இரும்புப் பட்டை) வளைத்து, விளிம்பை உள்ளேயும் வெளியேயும் கவ்வுகிற மாதிரி நாலு கால் செய்து, இடையில் பழைய டியூப் ரப்பர் வைத்து, 8 எம்.எம். போல்ட்டில் முடுக்கினால் போதும். ஒவ்வொரு காலும் விளிம்பில் மூன்று அங்குல நீளமாவது உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் கல் ரோட்டில் விளிம்பு நெளியும்.

ரெண்டாவது, நீளவாட்டில் ரூஃப் ரெயில் உள்ள வண்டி. இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. இப்போது வருகிற பல கார்களில் அந்த ரெயில் வெறும் அலங்காரம். கிளிப்பிலோ பசையிலோ நிற்கும், பாரத்துக்கு ஆகாது. கையால் ஆட்டிப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று போட்டிருந்தால் சரி, ரெயில் அலங்காரத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, ஒன்றுமே இல்லாத மொட்டைக் கூரை. கதவு இடுக்கில் கொக்கி மாட்டிக் கட்டுகிற கடைக் கம்பி தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். கூரையில் துளை போட்டு போல்ட் இறக்குகிறவர்கள் ஒரு மழைக்காலம் முடிந்ததும் உள்கூரைத் துணியை எடுத்துப் பார்க்கட்டும். தார்ப்பாய் ஹூட் போட்ட ஜீப்புக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. ஹூட் பைப்பில் பாரம் தொங்க விடக் கூடாது.

பட்டறைக்குப் போனால் ஒரு யோசனை கட்டாயம் வரும்: “அண்ணே, கூரையோட நாலு இடத்துல டேக் வெல்டிங் வச்சுவிட்டா ஆடவே ஆடாதுல்ல, எதுக்கு இந்த போல்ட்டு?” ஆடாது, உண்மைதான். ஆனால் கூரைத் தகட்டின் உள்பக்கப் பெயின்ட் எரிந்துபோகும், அங்கே துரு பிடிப்பது வெளியே தெரியும்போது தகடு போயிருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் ஆல்டர்னேட்டரும் என்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மும் போகிற அபாயம் வேறு. கழற்ற முடியாது என்பதால் சட்டப்படியும் அதுதான் மோசமான வழி. வெல்டிங் எல்லாம் கம்பியிலும் காலிலும் இருக்கட்டும். வண்டியில் ஒரு சொட்டு வேண்டாம்.

இனி குழாய்.

ஜி.ஐ. பைப் எங்கும் கிடைக்கிறது, வீட்டில் மிச்சத் துண்டுகூட இருக்கும். முக்கால் அங்குலப் பைப், பி கிளாஸ் (நடுத்தரக் கனம்), வெளி விட்டம் 27 எம்.எம். அளவு, மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். பலத்தில் குறை சொல்ல முடியாது. குறை அதன் உருளையில்தான் இருக்கிறது. லைட்டின் பிராக்கெட் உருண்டைக் குழாயில் நிலையாக உட்காராது. யூ போல்ட் போட்டு எவ்வளவு முடுக்கினாலும் ஸ்டோர் வாசலில் தரையைப் பார்த்த லைட் தோட்டம் போய்ச் சேரும்போது வானத்தைப் பார்க்கும். நிலைக்க வேண்டுமென்றால் ஒரு பிளாட் துண்டை வெல்டிங் வைக்க வேண்டும். வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், ஜி.ஐ. வாங்கியதன் லாபமே போய்விடும். அந்தப் புகையும் ஆகாது. அடைத்த இடத்தில் நின்று வைத்தால் அன்று ராத்திரியே காய்ச்சல், குளிர் நடுக்கம் வரும். வெளியே காற்றோட்டமாக நின்று, முதலில் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இவ்வளவு செய்வதற்குச் சதுரக் குழாய்க்கே போய்விடலாம்.

கடைகளில் ரேக் செய்கிற, துளை போட்ட எல் வடிவ ஆங்கிள் பார்த்த உடனே ஆசை காட்டும். வெல்டிங் வேண்டாம், டிரில் வேண்டாம், எந்தத் துளையில் வேண்டுமானாலும் லைட்டை மாட்டலாம். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இது திறந்த வடிவம். மூடிய குழாயோடு ஒப்பிட்டால் முறுக்கத்தைத் தாங்குகிற சக்தி இதற்கு மிகமிகக் குறைவு. லைட் கம்பிக்கு மேலே நிற்கிறது, வண்டி குதிக்கும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் தலையாட்டிக் கம்பியை முறுக்குகிறது. கூரை லைட்டுக்கு வருகிற முக்கியத் தொல்லையே இந்த முறுக்கம்தான். காற்று இல்லை. காற்றைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். 20 அங்குல எல்.இ.டி. பார் மீது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிற காற்றழுத்தம் ஒன்றரைக் கிலோ பாரம் அளவுதான். கம்பியை உடைப்பது கல் பாதை, அதுவும் ஒரே நாளில் உடைக்காது. வெல்டிங் முடிகிற ஓரத்திலும் துளை ஓரத்திலும் முடி போல ஒரு கீறல் விட்டு, அதை வளர்த்துக்கொண்டே போகும். துளையே உருவமான ஆங்கிளை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. போதாததற்கு அதன் ஓரம் கையைக் கிழிக்கும். தற்காலிகமாக ஒரு சீசனுக்கு என்றால் சரி.

மரச் சட்டம் போட்டவர்களும் உண்டு. மலை மழையில் போல்ட் துளை ஊதி, காய்ந்ததும் தளர்ந்துவிடும். பி.வி.சி. பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மீதி ரெண்டுதான், உண்மையான போட்டியும் இவற்றுக்கு இடையில்தான்: எம்.எஸ். (சாதா இரும்பு) சதுரக் குழாய், அலுமினியச் சதுரக் குழாய்.

இரும்பில் 25-க்கு 25, 2 எம்.எம். கனம் எடுத்துக்கொள்வோம். மீட்டருக்குச் சுமார் 1.44 கிலோ. ஒரு கம்பி 1.3 மீட்டர் என்றால் ரெண்டு கிலோவுக்குள். அதே அளவு அலுமினியம் அரைக் கிலோதான் மீட்டருக்கு, ஆனால் வளையாமல் நிற்கும் தன்மை மூன்றில் ஒரு பங்கு. இதை மட்டும் பார்த்துவிட்டு அலுமினியம் ஆகாது என்று சொல்வது பாதிக் கணக்கு. அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 40-க்கு 40, 3 எம்.எம். அலுமினியம் மீட்டருக்கு 1.2 கிலோ, அதாவது அந்த இரும்பைவிட எடை குறைவு. விறைப்போ ரெண்டு மடங்குக்கும் சற்று மேல். காகிதத்தில் அலுமினியம் ஜெயிக்கிறது, துருவும் கிடையாது.

அப்படியும் சுமோ, ஆம்னிக்கு நான் இரும்பையே சொல்வேன். காரணம் உலோகத்தில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. அலுமினியத்தை நம் ஊர்ச் சாதாரண வெல்டிங் செட்டில் ஒட்ட முடியாது. ஆர்கான் வெல்டிங் வேண்டும். அங்கே ஒட்டினாலும் சூடுபட்ட இடத்தில் உலோகம் பலவீனமாகிவிடும். அதனால் எல்லா இணைப்பும் போல்ட்டில்தான் வர வேண்டும். போல்ட் என்றால் துளை, துளை என்றால் அதிர்வில் கீறல் பிறக்கிற இடம். இரும்பு ஒரு அளவுக்குக் கீழே எவ்வளவு அதிர்வையும் தாங்கிக்கொண்டே இருக்கும், அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. இரும்புக் காலும் அலுமினியக் கம்பியும் நனைந்தபடி தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும், அதனால் இடையில் ரப்பர் வைப்பதும் கட்டாயம். எல்லாவற்றையும்விட, தோட்டத்தில் ஒரு இணைப்பு விட்டுப்போனால் இரும்பை வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ எந்தப் பட்டறையிலும் ஒட்டிக்கொண்டு வரலாம்.

ரூஃப் ரெயில் உள்ள வண்டிக்கு என் தேர்வு அலுமினியம். அங்கே கம்பி ரெயிலுக்கு மேலே போல்ட்டில்தான் உட்காரப் போகிறது, வெல்டிங் தேவையே வராது. ஆனால் ஜன்னல் செய்கிற கடையில் போய் நிற்காதீர்கள். அவர்களிடம் இருக்கிற செக்‌ஷன் பார்க்க அதே அளவில் இருக்கும், கனம் ஒரு எம்.எம். அளவில்தான் இருக்கும். கனம் அளக்கிற வெர்னியர் வைத்து 3 எம்.எம். பார்த்து வாங்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் இந்த வகை வண்டிக்குக் கடைக் கம்பியே நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் பூட்டு இருக்கும், ரப்பர் பாதம் ரெயிலுக்கு ஏற்றபடி உட்காரும், ஓடும்போது விசிலடிக்காது.

இரும்பு என்று முடிவானால் சில விவரம். குழாய் 20 அடி நீளத்தில் வரும், இரும்புக் கடையில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு நீளத்தில் நாலு கம்பி எடுக்கலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பாதிப் பாதியாக வாங்குவது உத்தமம். லைட் போல்ட்டுக்குத் துளை போடுவதென்றால் குழாயின் மேல் முகத்தில் இருந்து கீழ் முகம் வரை குத்தாமல், பின்முகத்தில் சிறிய எல் பிளாட்டை வெல்டிங் வைத்து அந்தப் பிளாட்டில் துளை போடுவது நல்லது. வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் மேல் கீழ் முகங்கள்தான், அவற்றைப் பத்திரமாக விட வேண்டும். துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் எனாமல். குழாயின் ரெண்டு வாயையும் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைக்க வேண்டும். திறந்து விட்டால் ஓடும்போது புல்லாங்குழல் ஊதும், நிறுத்தி வைத்தால் குளவி கூடு கட்டும். அடைத்தாலும் தண்ணீர் எப்படியோ உள்ளே போகும், அடிப்பக்கம் ரெண்டு ஓரத்திலும் ஒரு சின்னத் துளை விட்டால் வடிந்துவிடும். நட்டு எல்லாம் நைலாக், அதாவது உள்ளே நைலான் வளையம் இருக்கிற, அதிர்வில் தளராத வகை.

உயரத்தை மறக்கக் கூடாது. ஏலம் நிழல் மரத்தடிப் பயிர், பாதைக்கு மேலே கிளை தாழ்ந்துதான் இருக்கும். லைட்டைக் கம்பிக்கு மேலே நிற்க வைக்காமல் கம்பியின் பின்முகத்தில் தொங்க விட்டால் நாலு அங்குலம் மிச்சம், கிளை முதலில் கம்பியில்தான் மோதும். முறுக்கமும் குறையும்.

ஒயரிங்கைப் பட்டறையில் விடாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போங்கள். நாலு லைட் 80 வாட்ஸ் என்றால் 12 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்குள். பேட்டரியில் இருந்து கூரை வரை நாலு மீட்டர், திரும்பி வர நாலு மீட்டர் என்று வைத்தால், 1 சதுர எம்.எம். ஒயரில் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். 2.5 போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ், அப்புறம் ரிலே, டாஷ்போர்டில் தனி சுவிட்ச். ஹெட்லைட் சுவிட்சோடு சேர்த்துக் கட்டச் சொல்லாதீர்கள். என்ஜினை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் எரிய விட்டால் 20 ஆம்பியர் மணி காலி. காலையில் தள்ளி ஸ்டார்ட் பண்ணத் தோட்டத்தில் இறக்கம் இருக்கலாம், பழைய பேட்டரி என்றால் அந்த இறக்கம் உங்களுக்குத் தேவைப்படும்.

ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில் கூரையைத் துளைக்க வேண்டியதில்லை. பின்கதவு ரப்பர் ஓரமாக இறக்கலாம். நுழைவதற்கு முன் ஒயர் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறிப் போகும்படி விட்டால், அதில் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கம்பியோடு கழற்ற வசதியாகக் கூரை ஓரத்தில் தண்ணீர் புகாத கனெக்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். ரோட்டில் இறங்குவதற்கு முன் கம்பியைக் கழற்றும்போது வண்டிப் பக்கத்து முனைக்கு அதன் மூடியைப் போட்டு, பியூஸைப் பிடுங்கி டாஷ்போர்டில் வைத்துவிடுங்கள்.